ஓய்வுக் காலத்தில் மலையேறலாமா?

செம்பூரில் என் வீட்டுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி ஒரு நண்பர் குடியிருந்தார். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். 22 வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மும்பைக்கு வந்தவர். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். மொத்தம் 36 ஆண்டுகள்! காலையில் லோக்கல் ரெயில், மாலையில் லோக்கல் ரெயில். இரண்டிலும் நின்றுகொண்டேதான் பயணம். 2018-ல் ஓய்வு பெற்றார்.

"இனி ஊருக்குத்தானே?" என்று கேட்காதவர்கள் இல்லை.

"ஊரா? சித்திரை வெயிலில் பத்து நாள் இருந்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது, அண்ணாச்சி! இந்த ஊர் வியர்வையும் போதும். அந்த ஊர் வெயிலும் வேண்டாம். நான் மலைக்குப் போகிறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். பிராவிடண்டு பண்டு, கிராஜுவிட்டி, ஒற்றை அறை வீட்டை விற்ற பணம், மூன்றையும் சேர்த்து நீலகிரியில் ஒரு சிற்றூரில் வீடு வாங்கினார். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, முன்னால் கையகலத் தோட்டம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,500 அடி உயரம். சாலையிலிருந்து வீட்டுக்கு 62 படிகள்.

முதல் மூன்று மாதம் தினமும் போன் வரும். "மே மாதத்தில் போர்வை போர்த்திப் படுக்கிறேன், அண்ணாச்சி!" என்பார். கேட்கும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இங்கே மின்விசிறிக்கு அடியில் பனியன் நனைந்து கிடக்கும்.

பதினான்காவது மாதம் அவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அவரைப்போல் மலை ஆசையில் இருப்பவர்கள் மும்பைத் தமிழர்களில் ஏராளம். கையில் இருக்கும் பணத்தை ஒரு தடவைதான் போட முடியும். தவறினால் இரண்டாவது தடவை கிடையாது. ஆகவே இந்த மலைக் கணக்கைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஆயிரம் அடிக்கு 2 டிகிரி

மலை ஏன் குளிர்கிறது? சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோமே, சூடு கூடவல்லவா வேண்டும் என்று என் பேரன் கேட்டான். நல்ல கேள்வி.

சூரியன் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது. தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே போகப்போக, அதை அழுத்தும் பாரம் குறைகிறது. காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஆயிரம் அடி ஏறினால் சராசரியாக 2 டிகிரி சென்டிகிரேடு குறையும் என்பது வானிலைக்காரர்களின் கணக்கு.

போட்டுப் பாருங்கள். கோவை சுமார் 1,350 அடி. உதகமண்டலம் 7,350 அடி. வித்தியாசம் 6,000 அடி. அப்படியானால் 12 டிகிரி. கோவையில் 35 டிகிரி அடிக்கும் மே மாதப் பகலில் உதகையில் 23 டிகிரி. உண்மையிலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் மலை ரெயிலில் ஏறும்போது சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடுகிறவர், குன்னூரில் ஸ்வெட்டரைத் தேடுவது இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கை எல்லா ஊருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. புனாவைப் பாருங்கள். மும்பையைவிட 1,800 அடி உயரம். கணக்குப்படி மூன்றரை டிகிரி குறைய வேண்டும். ஆனால் ஏப்ரல் மாதத்துப் பகலில் புனாவில் 38 டிகிரி. மும்பையில் 33 டிகிரிதான்! காரணம், கடல். மும்பைக்குக் கடற்காற்று இருக்கிறது. புனாவுக்கு இல்லை. அதே சமயம் புனாவில் இரவு குளிர்ந்துவிடும். தூக்கம் வரும். மும்பையில் இரவும் புழுங்கும்.

ஆகவே உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கடல் எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், மழை எந்த மாதம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரன் காட்டிய வழி

நம் நாட்டில் உயரத்தைப் பார்த்து ஊர் தேடும் பழக்கத்தைப் பரப்பியவர்கள் ஆங்கிலேயர்கள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். பிறகு அங்கேயே வீடும் கட்டினார். மதுரைப் பக்கம் மதப் பணி செய்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் அவர்களைத் துரத்தின.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீலகிரியில் தோடர்களும் கோத்தர்களும் படுகர்களும் பல தலைமுறைகளாகவே வாழ்கிறார்கள். அவர்களுடைய உடம்பு அந்தக் குளிரிலேயே வளர்ந்தது. கீழேயிருந்து 60 வயதில் ஏறுகிறவருடைய உடம்பு வேறு.

இன்றும் வெளிநாட்டில் இந்த மலைத் தேடல் நடக்கிறது. ஓய்வுபெற்ற அமெரிக்கர்கள், கனடாக்காரர்கள் பலர் சொந்த நாட்டை விட்டே கிளம்பிவிடுகிறார்கள். மெக்சிகோவில் சப்பாலா ஏரிக்கரை, பனாமாவில் போகெத்தே, ஈக்குவடாரில் குவென்கா, இவையெல்லாம் அவர்கள் தேடிப் போகும் ஊர்கள்.

இந்த ஊர்களின் ரகசியம் என்ன? மூன்றும் வெப்ப மண்டலத்தில் இருக்கின்றன. சப்பாலா ஏறத்தாழ நம் மும்பையின் அட்சரேகையில் இருக்கிறது. போகெத்தே திருநெல்வேலியின் அட்சரேகையில் இருக்கிறது! குவென்காவோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். அங்கெல்லாம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கீழே இருந்தால் ஆண்டு முழுவதும் புழுக்கம். மேலே ஏறினால் ஆண்டு முழுவதும் இதம். எத்தனை அடி ஏறுகிறோமோ அதற்குத் தக்க குளிர். சிம்லாவைப்போல் கோடையில் சுகம், குளிர்காலத்தில் பனி என்ற கதை இல்லை.

சப்பாலா சுமார் 5,000 அடி. நம் ஏற்காட்டின் உயரம். போகெத்தே சுமார் 4,000 அடி. நெல்லை மாவட்டத்து மாஞ்சோலை ஏறத்தாழ அந்த உயரம்தான். குவென்கா மட்டும் 8,400 அடி. உதகையைவிடவும் ஆயிரம் அடி மேலே.

பனாமா அரசு இவர்களை அழைக்கிறது. ஆயுள் முழுவதும் மாதம் ஆயிரம் டாலருக்குக் குறையாமல் பென்ஷன் வரும் என்று காட்டினால், குடியிருக்க அனுமதி தருகிறது. ஆயிரம் டாலர்! நம் தொழிலாளியின் பி.எப். பென்ஷனுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே நாம் பனாமாவுக்குப் போகப்போவதில்லை. ஆனால் போனவர்களின் அனுபவம் நமக்கும் பயன்படும்.

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு பொதுவாக அந்த நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது. மலையில் சுகமாக இருந்தவர், இருதயத்தில் கோளாறு என்றதும் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. குவென்காவின் உயரத்தைத் தாங்க முடியாமல் இறங்கி வந்தவர்களும் உண்டு. அதனால் அங்கே அனுபவப்பட்டவர்கள் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லும் முதல் புத்தி, "வாங்காதே, முதலில் வாடகைக்கு இரு" என்பதுதான்.

என் நண்பரிடம் இதைச் சொல்ல யாரும் இல்லை. நானும் சொல்லவில்லை.

முக்கால் பங்கு மூச்சு

மேலே போனால் குளிர்கிறது என்பது வரவு. காற்று மெலிகிறது என்பது செலவு.

உதகையில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் பிராண வாயுவும் அதே அளவுக்குக் குறைகிறது. இளைஞனுக்கு இது தெரியாது. இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். மலைநோய் என்று டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் 8,000 அடிக்கு மேலேதான் வருகிறது. ஆகவே உதகைக்குப் போனதும் மயங்கி விழுந்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் ஆண்டுக்கணக்கில் பீடி, சிகரெட் பிடித்து நுரையீரல் கெட்டவர்கள், ஆலையில் பஞ்சுத் தூசியை உள்ளே வாங்கியவர்கள், இருதயம் பலவீனமானவர்கள், இவர்களுக்கு அந்தக் கால் பங்கு குறைவு பெரிய குறைவு. சமதரையில் நடக்கும்போது தெரியாது. படி ஏறும்போது தெரியும். மலையூரில் படி இல்லாத வீடு ஏது?

குளிரும் சும்மா இருப்பதில்லை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரத்த அழுத்தம் ஏறும். கீழே ஒரு மாத்திரையில் அடங்கிய அழுத்தம் மேலே அடங்காமல் போகலாம். மூட்டுவலிக்காரர்கள் குளிரில் வலி கூடுவதாகச் சொல்கிறார்கள். ஆஸ்துமாக்காரருக்கு மூடுபனி ஆகாது. இவர்களெல்லாம் வீடு பார்ப்பதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று வேடிக்கை. மலையில் வெயில் சுடாது. ஆனால் தோலைக் கருக்கும். சுமார் 3,300 அடி ஏறினால் சூரியனின் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று தோட்டத்தில் தலையில் துண்டு இல்லாமல் நின்ற நண்பரின் மொட்டைத் தலை உரிந்துபோனது.

சமையலறையிலும் மாற்றம் உண்டு. உதகையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை! திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. "குக்கர் ரிப்பேரானால் அன்றைக்கு வீட்டில் ரொட்டிதான்" என்று நண்பரின் மனைவி சொன்னார். இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது என்பது அவருடைய இன்னொரு குறை. எனக்கு அது சிறிய குறையாகத் தெரிந்தது. "நீங்களா ஆட்டுகிறீர்கள்?" என்று மதினி ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார்.

சீசனைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நாம் மலையைப் பார்ப்பது எப்போது? பிள்ளைகளுக்கு லீவு விடும் மே மாதத்தில். பூக்காட்சி, படகு, வறுத்த சோளம்! அந்த ஒரு வாரத்தை வைத்து, ஆண்டு முழுவதும் இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறோம்.

ஜூலையில் போய்ப் பாருங்கள். நீலகிரியின் மேற்குப் பகுதியில் தென்மேற்குப் பருவ மழை விடாமல் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவ மழை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். சாலை துண்டிக்கப்பட்டது, ரெயில் பாதையும் கெட்டது. 2024 ஜூலையில் பக்கத்து வயநாட்டில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சரிவில் மண்ணை வெட்டிச் சமன் செய்து கட்டிய வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் பின்பக்கச் சுவருக்கு மேலே என்ன நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

மும்பைக்காரர்கள் மகாபலேசுவரத்தை நினைப்பார்கள். உயரம் 4,400 அடி. பக்கம்தான். ஆனால் ஆண்டுக்கு 500 சென்டிமீட்டருக்கு மேல் மழை! அங்கே மழைக்காலத்தில் வீட்டுச் சுவருக்கே காய்ந்த புல்லால் தட்டி கட்டுவதுண்டு. நனைந்த துணி காய்வதற்கு வாரம் ஆகும்.

என் நண்பர் சோர்ந்ததும் மழைக்காலத்தில்தான். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சூரியனையே சரியாகப் பார்க்கவில்லை. மின்சாரம் போகும், வரும். ஐந்தரை மணிக்குத் தெரு அடங்கிவிடும். செம்பூரில் இரவு பத்து மணிக்கும் பேச ஆள் கிடைக்கும். அங்கே பக்கத்து வீடே சென்னைக்காரர் ஒருவருடையது. ஆண்டில் 11 மாதம் பூட்டிக் கிடக்கும்.

டிசம்பரில் அதிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் ஒரு நாள் பால் வாங்கிவிட்டு 62 படி ஏறினார். 40-வது படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் பாரம். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. வாடகைக் காரில் வளைவு வளைவாக இறங்கிக் கோவைக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். (உதகையில் 2025-ல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறக்கப்பட்டிருக்கிறது. இப்போது நிலைமை முன்பைவிட நல்லதுதான். ஆனால் அதுவும் உங்கள் வீட்டு வாசலில் இல்லை.)

நடு உயரம்

அப்படியானால் உச்சியும் வேண்டாம், அடிவாரமும் வேண்டாம் என்றால் எங்கே?

ஆயிரம் அடி முதல் 3,000 அடி வரை உள்ள ஊர்களைப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். மூச்சுக்குப் பழுதில்லை. வெயிலும் கொஞ்சம் தணியும்.

பெங்களூரு 3,000 அடி. "பென்ஷன்தாரர்களின் சொர்க்கம்" என்று ஒரு காலத்தில் அதற்குப் பெயர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பெங்களூருத் தமிழர்களே சிரிப்பார்கள். 2016 ஏப்ரலில் அங்கே 39 டிகிரி தாண்டியது. ஏரிகள் போய், மரங்கள் போய், கட்டிடங்கள் வந்தால் உயரம் மட்டும் என்ன செய்யும்? காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேலே ஏற்றப்பட்டு வருகிறது. 2024 மார்ச்சில் லாரித் தண்ணீருக்கு மக்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. விலை வாசியோ மும்பைக்குத் தம்பி. மகனோ மகளோ அங்கே இருந்தால் போகலாம்.

அதே உயரத்தில் எல்லைக்கு இப்பால் ஓசூர் இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு, பெங்களூருத் தட்பவெப்பம். ஆனால் ஆலைகளும் புகையும் உண்டு. மைசூரு சுமார் 2,500 அடி. சாந்தமான ஊர்.

கோவை 1,350 அடிதான். உயரத்தால் கிடைப்பது இரண்டு மூன்று டிகிரி. ஆனால் அதற்கு வேறு ஒரு கொடுப்பினை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கேரளத்து ஈரக்காற்று அந்த வாசல் வழியாக உள்ளே வீசுகிறது. மழை அதிகமில்லை, காற்று மட்டும் வருகிறது. மார்ச், ஏப்ரல் வெயிலைத் தாங்கிவிட்டால் மற்ற மாதங்களில் குறையில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் பஞ்சமில்லை.

நெல்லைக்காரர்களுக்கு இன்னொரு வழி. தென்காசி, செங்கோட்டைப் பக்கம். உயரம் சுமார் 500 அடிதான். ஆனாலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் வரும். குற்றாலத்துக்கு ஊரே போவது அதற்காகத்தானே! ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் வெயில் காயும். சொந்த பந்தம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். வாடகையும் குறைவு.

தாராவியில் 40 ஆண்டு தோல் பதனிட்டவரிடம் உயரத்தைப் பற்றிப் பேசுவது கேலியாகத் தோன்றலாம். அவருக்கு ஊரில் ஓர் ஓட்டு வீடு, அல்லது அதுவும் இல்லை. அவருக்கு ஒன்று சொல்லலாம். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைவு. மும்பையிலிருந்து நேராக ஏப்ரல் மாதத்தில் ஊரில் போய் இறங்காதீர்கள். ஆடிக்குப் பிறகோ ஐப்பசியிலோ போங்கள். அடுத்த கோடை வருவதற்குள் உடம்பு பழகிவிடும். ஓடோ ஆஸ்பெஸ்டாசோ, கூரை மேல் வெள்ளையடித்தால் உள்ளே சூடு குறையும். செலவு சில நூறு ரூபாய். இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டித் தங்களுக்கும் மனைவிக்கும் வைத்தியம் பெற வழி இருக்கிறது. வேலையை விட்டுக் கிளம்புமுன் அதற்கான தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடியேறும் ஊருக்கு எவ்வளவு தூரத்தில் இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

மோசமான மாதத்தில் போங்கள்

மலைதான் வேண்டும் என்று மனம் கேட்டால், போங்கள். அங்கே நன்றாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பூக்காட்சிக்குப் போகாதீர்கள். மழை மாதத்தில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை, வீட்டை வாடகைக்கு எடுத்துக் குறைந்தது மூன்று வாரம் இருங்கள். ஓட்டலில் தங்கினால் ஒன்றும் தெரியாது. நீங்களே சமைத்து, நீங்களே துணி துவைத்து, நீங்களே படி ஏற வேண்டும். மனைவியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போவது அவர்தான். இரவில் நெஞ்சு வலித்தால் எந்த வண்டி வரும், எத்தனை நேரம் ஆகும் என்று ஊர்க்காரர்களிடம் விசாரியுங்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர 2024 மே முதல் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. பிள்ளைகள் காரில் வருவதானால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் நண்பர் இப்போது கோவை வடவள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறார். தரைத் தளம். மருதமலை தெரிகிறது. காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார், மூச்சு வாங்கவில்லையாம். மலை வீட்டை விற்க ஐந்து ஆண்டாக முயற்சி செய்கிறார். கேட்கிறவர்கள் மே மாதத்தில் வருகிறார்கள். பூவைப் பார்க்கிறார்கள். படியை எண்ணிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போன வாரம் போன் செய்தார்.

"அண்ணாச்சி, மும்பையில் யாராவது மலையில் வீடு கேட்டால் சொல்லுங்கள்."

"சொல்கிறேன். ஆனால் படியையும் சேர்த்துத்தான் சொல்வேன்" என்றேன்.

"அதைச் சொன்னால் யார் வாங்குவான்?" என்றார்.